நட்ட முடி உதிர்ந்த மூன்றாம் மாதம்: எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

வாசகர் கேள்வி: எனக்கு வயது 31. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கடந்த மார்ச் மாதம் நடுவில் எஃப்.யு.இ. முறையில் (பின்னந்தலையிலிருந்து ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கும் முறை) 2,200 கிராஃப்ட், அதாவது மயிர்க்காலோடு கூடிய சிறு தோல் துணுக்குகள், எடுத்து முன்நெற்றியிலும் நடுத்தலையிலும் முடி நட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் முதல் நட்ட முடியெல்லாம் உதிர்ந்துவிட்டது. இப்போது மூன்றரை மாதம் ஆகிறது. சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத் தெரிகிறது. நட்ட இடத்துக்குப் பின்னால் இருந்த என் சொந்த முடியும் குறைந்திருக்கிறது. சின்னச் சின்னக் கொப்புளங்கள் வருகின்றன. பின்னந்தலை மரத்தது போல இருக்கிறது. தினமும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று செல்போனில் படம் எடுத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் நம்பிக்கை வருகிறது, மறுநாள் போய்விடுகிறது. அறுவை முடிந்துவிட்டதே என்று, முடி மெலிவதைத் தடுக்க உண்டு வந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையை நிறுத்திவிட்டேன். நட்டது நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில் இன்றுவரை ஹெல்மெட் இல்லாமல்தான் பைக்கில் போய் வருகிறேன். அம்மா விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து தேய்க்கச் சொல்கிறார். மருத்துவமனையில் கேட்டால் ஒரு வருடம் பொறுங்கள் என்கிறார்கள்; கூடவே பி.ஆர்.பி. ஊசிக்கு (நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்கள் நிறைந்த திரவத்தைத் தலையில் செலுத்துவது) ஆறு தவணைப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். வருகிற தை மாதம் எனக்குத் திருமணம். என் சிகிச்சை தோற்றுவிட்டதா?

தோல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் நாளை வரை காத்திருக்கக் கூடாதது ஹெல்மெட் பற்றியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நட்ட கிராஃப்ட் எத்தனை நாளில் தோலுக்குள் உறுதியாக ஊன்றிக்கொள்கிறது என்பதை அமெரிக்க மருத்துவர்கள் பெர்ன்ஸ்டைனும் ராஸ்மனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். முதல் சில நாட்களில் முடியையோ பொருக்கையோ இழுத்தால் கிராஃப்ட் வெளியே வந்துவிடுகிறது, ஒன்பதாம் நாளுக்குள் இழுத்தாலும் வராத அளவுக்கு அது தோலோடு ஒன்றிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. முதல் இரண்டு வாரம் ஹெல்மெட் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த இரண்டு வாரம் பைக்கையே தொடக்கூடாது என்பது அதன் பொருளே தவிர, வெறுந்தலையோடு ஓட்டலாம் என்பதல்ல. மூன்றரை மாதம் கழிந்த உங்கள் தலையில் ஹெல்மெட்டால் நகரக்கூடிய கிராஃப்ட் ஒன்றுகூட இல்லை. அவிநாசி சாலைப் போக்குவரத்தில் முடியைக் காப்பதற்காகத் தலையைப் பணயம் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பதிலைப் படித்த நாளிலிருந்தே ஹெல்மெட் அணியுங்கள். வியர்வை உறுத்தினால் உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதைத் தினமும் துவைத்துப் பயன்படுத்துங்கள்.

இனி, சிகிச்சை தோற்றுவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்றரை மாதத்தில் அதை யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருப்பவற்றில் தோல்விக்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. முடி நம் தலையில் இடைவிடாமல் வளர்வதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்கிறது, இரண்டு மூன்று வாரங்களில் சுருங்குகிறது, பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் உறங்குகிறது; அந்த உறக்கத்தின் முடிவில் பழைய முடி விழுந்து, அதே மயிர்க்காலிலிருந்து புதியது எழுகிறது. பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்நெற்றியில் வைக்கப்படும்வரை சில மணி நேரம் அந்த மயிர்க்கால் இரத்த ஓட்டமின்றி இருக்கிறது, வைத்த பிறகும் புதிய இரத்த நாளங்கள் வந்து சேர நாளாகிறது. இந்த அதிர்ச்சியில் அது வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறக்க நிலைக்குள் போய்விடுகிறது. இரண்டாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையே நட்ட முடிகளில் பெரும்பாலானவை உதிர்வதும், அதன்பின் மூன்று மாத அளவுக்குத் தலை வெறுமையாகத் தெரிவதும் இதன் விளைவுதான். நீங்கள் கணக்கிட்டால் உங்கள் மூன்றாம் வாரத்து உதிர்வும் இன்றைய வெறுமையும் இந்தக் காலக்கணக்குக்குள் சரியாகவே அமைவதைக் காண்பீர்கள்.

உதிர்ந்த முடியின் அடிமுனையில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருந்திருக்கலாம். அதைப் பார்த்து வேரோடு வந்துவிட்டது என்று பயப்படாதவர்கள் குறைவு. அது உறக்க நிலைக்கு வந்த எந்த முடியின் அடியிலும் இருக்கும் முனை. சாதாரணமாக நாள்தோறும் நம் எல்லோருடைய தலையிலிருந்தும் விழும் ஐம்பது முதல் நூறு முடிகளிலும் அது இருக்கும். மயிர்க்கால் தோலுக்குள்ளேயே இருக்கிறது. உண்மையில் கிராஃப்ட் கழன்று வந்திருந்தால் அது முதல் சில நாட்களில், சதைத் துணுக்கோடும் இரத்தக் கசிவோடும் நடந்திருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இன்னொரு வரி: மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்பது. நட்ட முடிக்கும் உங்கள் சொந்த முடிக்கும் குணம் வேறு. நியூயார்க்கில் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைச் 1952-இல் இந்த அறுவையைத் தொடங்கி, 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவியது இதைத்தான்: பின்னந்தலை மயிர்க்கால் எங்கே நட்டாலும் பின்னந்தலையின் குணத்தையே வைத்துக்கொள்கிறது. டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு அது எளிதில் பணிவதில்லை. ஆனால் முன்நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் உரிய பழைய முடி அந்த ஹார்மோனால் ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டேதான் போகும். அறுவை அதை நிறுத்துவதில்லை; அந்த ஹார்மோனைக் குறைத்து அதைத் தடுத்து வைப்பது நீங்கள் நிறுத்திய ஃபினாஸ்டரைடுதான். 31 வயதில் முடி நட்டுக்கொண்டு மருந்தை விட்டுவிட்டால், நாற்பதில் முன்னால் நட்ட முடி ஒரு தீவாக நிற்க, அதன் பின்னால் வெற்றிடம் விரிந்திருக்கும் நிலை வரலாம். பின்னந்தலையிலிருந்து எடுக்கக்கூடிய முடிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதால், அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு முறையும் நட்டு நிரப்பிக்கொண்டே போக முடியாது.

நட்ட இடத்துக்குப் பின்னால் சொந்த முடி குறைந்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அறுவையின் அதிர்ச்சியில் அக்கம்பக்கத்து முடியும் தற்காலிகமாக உதிர்வது ஒன்று. இதை ஷாக் லாஸ் என்பார்கள், அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு மாதங்களில் தொடங்கி, அடுத்த சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும், ஏற்கெனவே மிகவும் மெலிந்துபோயிருந்த முடிகள் மட்டும் திரும்பாமல் போகக்கூடும். மற்றொன்று, ஃபினாஸ்டரைடை நிறுத்தியதால் அது அதுவரை தாங்கிப் பிடித்திருந்த முடி நழுவத் தொடங்குவது. நிறுத்திய ஓராண்டுக்குள் அந்த மருந்தின் பலன் முழுவதும் போய்விடும். கண்ணால் பார்த்தோ படத்தை வைத்தோ இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. தோல் மருத்துவர் ஒருவர் ட்ரைக்கோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்தால் முடிகளின் தடிமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பது தெரியும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முடிகளில் அந்த வேறுபாடு இருந்தால், அது ஹார்மோனால் வரும் வழுக்கையின் போக்கு. இந்த மாதமே அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

ஃபினாஸ்டரைடை மறுபடி தொடங்குவதா என்பதை உங்கள் மருத்துவரோடு நேரில் பேசி முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் திருமணம் நெருங்கும்போது கேட்க வேண்டியவை இதில் இருக்கின்றன. தினம் 1 மில்லிகிராம் அளவில் நடந்த சோதனைகளில், பாலியல் தொடர்பான பக்கவிளைவு மருந்து உண்டவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் வந்தது. நிறுத்திய பிறகும் அது நீடித்ததாகச் சிலர் தெரிவித்திருக்கிறார்கள். மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் உண்டு. முன்பு உங்களுக்கு அப்படி ஏதேனும் இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறைந்து, மருந்தை நிறுத்தியதும் மீண்டிருக்கிறது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக்கூடாது. இவையெல்லாம் உங்களோடு வாழ வரும் பெண்ணும் அறிந்திருக்க வேண்டியவை என்பது என் கருத்து. முடி நட்டுக்கொண்டது வெட்கப்பட வேண்டிய செயலும் அல்ல. மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுத்தால் தலையில் தடவும் மினாக்ஸிடில் இருக்கிறது. அதைத் தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கொஞ்சம் கூடும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு தொடங்குங்கள், இல்லையென்றால் இன்னொரு பயம் வந்து சேரும்.

இப்போது படங்கள். தினமும் படம் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தலைமுடி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே வளர்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் நீங்கள் காணும் வேறுபாடு வெளிச்சத்தின் வேறுபாடு, ஈரத்தின் வேறுபாடு, போனைப் பிடித்த கோணத்தின் வேறுபாடு. குளியலறையில் விளக்கு பெரும்பாலும் தலைக்கு மேலே இருக்கிறது, முடி ஈரமாகச் சேர்ந்து ஒட்டியிருக்கிறது, முன்பக்கக் கேமரா நெற்றியைப் பெரிதாக்குகிறது. அடர்த்தியான முடி உள்ளவர்களுக்கே அங்கே மண்டை தெரியும். இந்தப் படங்களை வைத்துத்தான் உங்கள் மனம் நாளுக்கு ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பதிலாக மாதத்துக்கு ஒரு முறை, அறுவை நடந்த அதே தேதியில் படம் எடுங்கள். சூரிய வெளிச்சம் நாளுக்கு நாள் மாறுவதால், இரவில் சன்னலை மூடிவிட்டு, ஒரே அறையின் ஒரே டியூப் லைட்டின் கீழ், சுவரில் ஒட்டிய ஒரு காகிதத் துண்டுக்கு நேராக எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுப்பது நல்லது. தலைக்குக் குளித்து முழுவதும் காய்ந்த பிறகு, எண்ணெயோ ஜெல்லோ இல்லாமல், வீட்டில் ஒருவரைக் கொண்டு போனின் பின்பக்கக் கேமராவால், முகத்தைப் பொலிவாக்கும் வசதிகளை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். முகம் நேராக ஒன்று, தலையைக் குனிந்து உச்சி தெரிய ஒன்று, இரண்டு பொட்டுப் பக்கமும் ஒவ்வொன்று, பின்னந்தலை ஒன்று, சீப்பால் நடு வகிடு எடுத்து அந்த வகிட்டின் மேல் நெருக்கமாக ஒன்று. முடியின் நீளமும் ஏமாற்றும் என்பதால், முடி வெட்டிக்கொள்வதாக இருந்தால் படம் எடுக்கும் நாளுக்கு இத்தனை நாள் முன்பு என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். புருவ நடுவிலிருந்து முடி தொடங்கும் கோடு வரை உள்ள தூரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து குறித்துவையுங்கள். தலையில் மச்சமோ தழும்போ இருந்தால் அது எல்லாப் படங்களிலும் வருமாறு பார்த்துக்கொண்டால், அதை வைத்து ஒரே இடத்தை மாதாமாதம் ஒப்பிடலாம்.

எடுத்ததும் உட்கார்ந்து சென்ற மாதத்துப் படத்தோடு ஒப்பிட வேண்டாம். மூன்று மாத இடைவெளியில் ஒப்பிடுங்கள், அறுவைக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பலர் அந்த முதல் படத்தை மறந்துவிட்டு, மனத்தில் இருக்கும் பழைய தலையோடு இன்றைய தலையை ஒப்பிட்டுத் துன்பப்படுகிறார்கள். உங்களிடம் அது இல்லையென்றால் மருத்துவமனையில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாதப் படத்தோடும் அந்த மாதம் நடந்ததை இரண்டு வரி எழுதிவையுங்கள்: என்ன மருந்து தொடங்கியது, எது நின்றது, காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா. டெங்குவோ டைஃபாய்டோ வந்து போனால் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் முடி கொட்டும். காரணம் எழுதி வைத்திருக்காவிட்டால் அந்த உதிர்வை அறுவையின் தோல்வி என்று எண்ணிவிடுவீர்கள். திருமணத்துக்கு முன் உடம்பை இளைக்க வேண்டும் என்று இரண்டு மாதத்தில் பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைப்பவர்களுக்கும் இதேதான் நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் முகூர்த்த நேரத்தில். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

இனி நீங்கள் காணப்போவதைச் சொல்கிறேன். நான்காம் மாதத்தில் வகிட்டுப் படத்தில் மெல்லிய, நிறம் குறைந்த, சற்றே சுருண்ட முடிகள் அங்கங்கே தெரியும். எல்லா மயிர்க்கால்களும் ஒரே நாளில் விழிப்பதில்லை. ஒரு பக்கம் முந்தியும் மறு பக்கம் பிந்தியும் வரும், திட்டுத் திட்டாகவும் இருக்கும். ஆறாம் மாத அளவில் வெளியே தெரியும் மாற்றம் வரும், அதற்குப் பின்னரே அந்த முடிகள் தடிக்கவும் நேராகவும் தொடங்கும். முன்நெற்றியின் முழுப் பலனுக்கு ஓராண்டும், உச்சிச் சுழிக்கு ஒன்றரை ஆண்டு வரையும் ஆகலாம். தை மாதத்தில் உங்களுக்குப் பத்து மாதம் நிறைந்திருக்கும். நான்காம் மாதத்தில் முளைத்த முடி, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம், அப்போது ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும், ஆறாம் மாதத்தில் வந்தது நான்கு சென்டிமீட்டர். சீவி நிறுத்தப் போதுமான நீளம் அது. அதுவரை முடியைக் குட்டையாக வைத்துக்கொண்டால் அடர்ந்த பகுதிக்கும் மெலிந்த பகுதிக்கும் உள்ள வேறுபாடு கண்ணை உறுத்தாது. மணமேடைக்காகக் கெரட்டின், ஸ்ட்ரெய்ட்டனிங் என்று எதையும் புது முடியில் செய்ய வேண்டாம்.

எதிர்பார்ப்பின் அளவையும் சொல்ல வேண்டும். பின்னந்தலையில் இயற்கையாக ஒரு சதுர சென்டிமீட்டரில் எழுபது எண்பது முடிக்கற்றைகள் இருக்கும். நடும்போது பொதுவாக முப்பது முதல் நாற்பது வரையே வைக்கிறார்கள். 2,200 கிராஃப்ட் என்பது அந்த அடர்த்தியில் ஏறக்குறைய அறுபது சதுர சென்டிமீட்டருக்குத்தான் காணும். முடி இருக்கிறது என்று பார்ப்பவர் உணர இது போதும், ஏனெனில் இயற்கை அடர்த்தியில் பாதியளவு போகும்வரை நம் கண் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் கல்லூரிக் காலத்து அடர்த்தி எந்த மாதத்துப் படத்திலும் வராது.

கொப்புளங்களைப் பொறுத்தவரை, இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையே புது முடி தோலைத் துளைத்து வரும்போது சில கொப்புளங்கள் வருவது வழக்கம். கிள்ளாதீர்கள்; வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒத்தடம் கொடுத்தால் தானே அமுங்கும். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலோ, வலித்துச் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோல் கறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், தேதி குறித்துக் காத்திருக்க வேண்டாம். பின்னந்தலை மரத்திருப்பது நுண்ணிய நரம்புகள் அறுபட்டதால். அவை மீள மாதங்கள் ஆகும், இடையே ஊசி குத்துவது போலவும் அரிப்பாகவும் இருக்கலாம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: முதல் மாதம் கடந்துவிட்டதால் எண்ணெய் நட்ட முடியைக் கெடுக்காது, ஆனால் முளைக்கச் செய்யும் ஆற்றலும் அதற்கு இல்லை. கொப்புளங்கள் அடங்கும்வரை வேண்டாம். பொடுகு இருந்தால் அதற்குப் பிறகும் வேண்டாம், பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசை உணவு. அவர் மனநிறைவுக்காகப் பின்னாளில் வாரம் ஒரு முறை கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, நகம் படாமல் மென்மையான ஷாம்பூவால் அலசினால் தவறில்லை. பயோட்டின் மாத்திரையும் யாராவது கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பலன் இல்லை என்பதோடு, தைராய்டு பரிசோதனையின் முடிவையும் அது மாற்றிக் காட்டும். ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன் சில நாட்கள் அதை நிறுத்துங்கள், உண்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடுவது பயன் தரும். பி.ஆர்.பி. சிலருக்கு மெலிந்த சொந்த முடியை ஓரளவு தடிக்க வைக்கிறது, ஆனால் நட்ட முடி முளைக்க அது கட்டாயம் இல்லை. பயத்தில் இருக்கும் ஒருவரிடம் ஆறு தவணைப் பணத்தை முன்கூட்டியே வாங்குவதை நான் ஏற்கவில்லை. ட்ரைக்கோஸ்கோப் முடிவு வரும்வரை பணம் கட்டாதீர்கள்.

மருத்துவமனை ஓராண்டு பொறுக்கச் சொன்னது காலக்கணக்கில் சரி, ஆனால் அந்த ஓராண்டில் உங்களைப் பார்க்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு உண்டு. எத்தனை கிராஃப்ட், அவற்றில் ஒற்றை முடி எத்தனை, இரட்டை எத்தனை, நட்ட பரப்பு எவ்வளவு, எடுத்தவர் யார், நட்டவர் யார் என்ற அறுவைக் குறிப்பை எழுத்தில் கேளுங்கள். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் குழும நடத்தை விதி. முடி மாற்று அறுவையை முறையான பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. செப்டம்பர் நடுவில் ஆறாம் மாதப் படத்தில் புது முடியே அநேகமாக இல்லையென்றாலோ, நட்ட இடம் வழுவழுப்பாகவும் சிவந்தும் செதிலோடும் இருந்தாலோ, அறுவை செய்தவரைத் தவிர வேறொரு தோல் மருத்துவரிடம் அந்தக் குறிப்பையும் படங்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மயிர்க்காலை அழிக்கும் தோல் நோய்கள் சில உண்டு, தேவைப்பட்டால் சிறு தோல் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். முளைப்பு தொடங்கியிருந்து அடர்த்தி மட்டும் குறைவாகத் தெரிந்தால் அடுத்த மார்ச் வரை காத்திருங்கள். அதற்கு முன் இரண்டாவது அறுவைக்கு யார் அழைத்தாலும் சம்மதிக்காதீர்கள், உறங்கும் மயிர்க்கால்களுக்கு இடையே புதிதாகத் துளையிட்டால் அவற்றுக்கே சேதம் நேரலாம்.